போர்ட் பிளேர் வானிலை

அன்று கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் தங்கையின் கணவர் ஏகாம்பரம். சமையலறை நிலைப்படியோரம் தரையில் என் தங்கை சுலோசனா. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் மகன் பிரசன்னா. சோபாவின் விளிம்பில் பைலட் உடுப்போடு, ஷூவைக்கூடக் கழற்றாமல் மகள் வர்ஷா. நான் ஜன்னலோரம், மடியில் அட்டையும் வெள்ளைத் தாளுமாக. வீடு ஆவடி சேக்காட்டில், மாடிப் போர்ஷன். சனிக்கிழமை காலை.

வர்ஷா அந்நேரம் போர்ட் பிளேரில் இறங்கியிருக்க வேண்டும். விடியுமுன்னே கம்பெனி கார் வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஆனால் வெயில் ஏறுவதற்குள் வாடகைக் காரில் தனியாக வந்து இறங்கினாள். கதவைத் திறந்த அம்மாவிடம் இரண்டே வார்த்தை சொன்னாளாம். "பி.ஏ. பாசிட்டிவ்." சுலோசனா சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். நான் அண்ணனூரில் இருக்கிறேன். கிடைத்த ஆட்டோவில் வந்தேன். மனு, விளக்கம் என்று எது எழுதுவதானாலும் இந்த வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வேறு வீடாக இருந்தால் அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. பறக்கப் போகும் ஒவ்வொரு பைலட்டும் முன்னதாக ஒரு கருவியில் ஊத வேண்டும். மூச்சில் ஆல்கஹால் துளி தெரிந்தாலும் விமானம் பக்கமே போக முடியாது. அந்த ஊதும் சோதனைதான் பி.ஏ. என்பது இந்த வீட்டில் பால்காரருக்குக்கூடத் தெரியும். வர்ஷா படித்த காலத்தில் பாடத்தையெல்லாம் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலை ஏகாம்பரத்துக்கு. பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டி, "நைனா, எவ்ளோ நேரம் நான் ஹோல்டிங்ல சுத்திகினு இருக்கறது?" என்று பிரசன்னா கத்துவான். "ரன்வே பிஸி, வெயிட் பண்றா" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

படிப்பு முடிந்து வர்ஷா எஃப்.ஓ.வாக, அதாவது கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் துணைப் பைலட்டாகச் சேர்ந்த பிறகும் அவர் விடவில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் வானிலையை ஒற்றை வரியில் எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கிப் போடுவார்கள். மெட்டார் என்று பெயர். அடுத்து வரும் மணிகளுக்கான கணிப்பு டாஃப். மகள் எந்த ஊருக்குப் போகிறாளோ அந்த ஊரின் இரண்டையும் போனில் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார். டீக்கடையில் நின்று, "டெல்லியில எஃப்.ஜி. அடிக்குது, பனிமூட்டம்" என்பார். "அண்ணாத்தே, டெல்லி கெடக்கட்டும், சேக்காட்டுல மழை வருமா சொல்லு, துவைச்சது மாடியில கீது" என்பார் கடைக்காரர்.

நான் போய் உட்கார்ந்ததும் வர்ஷா சொன்னாள். "ரெண்டு வாட்டி ஊதினேன் மாமா. நடுவுல கொஞ்ச நேரம் உக்கார வெச்சாங்க. ரெண்டு வாட்டியும் காட்டிச்சு. மூணு மாசம் லைசென்ஸ் நிறுத்திடுவாங்க. அதுகூடப் போகட்டும். நான் இன்னும் ட்ரெயினிங் லைன்ல இருக்கேன். கம்பெனி நினைச்சா இதோட அனுப்பிடலாம். திங்கக்கிழமை விசாரணை. எழுத்துல விளக்கம் கேட்டிருக்காங்க."

"சரி. ஒண்ணொண்ணா சொல்லு. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?"

"இட்லி. அதெல்லாம் அவங்களே கேட்டாச்சு மாமா."

"நானும் கேட்கணும். வரிசையா இருந்தாத்தான் படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரும். வாய் கொப்பளிக்கிற மருந்து, இருமல் சிரப்பு?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து தொட்டதில்ல."

"சென்ட்டு?"

"இல்ல."

"காலையில?"

"சுக்குக் காப்பி. அம்மா ஃபிளாஸ்க்ல குடுப்பாங்களே, அது. கார்ல பாதி குடிச்சேன். ஊதப் போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு மீதி. இன்னிக்கு லேசாக் கசந்துச்சு. திப்பிலி ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

ஃபிளாஸ்க் அவள் பையிலேயே இருந்தது. பிரசன்னா எழுந்து வந்து எடுத்தான். மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா, இதுல சுக்கு மட்டும் இல்ல."

"வேற என்னடா?"

"நீ குடிப்பியே. அது."

சுலோசனா மூட்டு வலிக்கு அரிஷ்டம் குடிப்பாள். மூலிகைகளைப் புளிக்கவைத்துச் செய்கிற மருந்து. அதில் ஆல்கஹால் தானாகவே உண்டாகும். பாட்டிலிலேயே அச்சடித்திருக்கும். அதைச் சமையலறையில் வைக்கவே கூடாது என்று வர்ஷா சொன்னதிலிருந்து பீரோவில் புடவைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

"நான் ஏண்டா அதைக் காப்பியில ஊத்தறேன்? பாட்டில் பீரோலதான இருக்கு? அண்ணா, நீயாவது சொல்லு."

"அப்ப ஃபிளாஸ்க்கே ராவுல எழுந்து போயி பீரோவைத் திறந்து குடிச்சிட்டு வந்துச்சா?" என்றான் பிரசன்னா. "மறந்துட்டேன்னு சொல்லும்மா. வயசாயிடுச்சு, தூக்கக் கலக்கம். அதையே மாமா எழுதட்டும்."

"மறக்கல. என் பொண்ணு விஷயத்துல நான் எதையும் மறக்கல."

"டேய், அவளை வுடு" என்றார் ஏகாம்பரம். "நான்தான் ஊத்தினேன்."

பிரசன்னா சிரித்துவிட்டான். பெண்டாட்டியைக் காப்பாற்ற முன்னால் வந்து நிற்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். "நைனா, நேரம் காலம் தெரியாம காமெடி பண்ணாத" என்றான்.

"காமெடி இல்லடா. உங்கம்மா ஃபிளாஸ்க்க ரொப்பி வெச்சிட்டு குளிக்கப் போனா. நான் பீரோவத் தொறந்து பாட்டில எடுத்தேன். மூடியால ரெண்டு மூடி ஊத்தினேன். பத்தாதுன்னு தோணிச்சு. காப்பியக் கொஞ்சம் கீழ கொட்டிட்டு இன்னும் ஊத்தினேன். வெல்லம் போட்டு ஆட்டி வெச்சேன்."

வெல்லம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அது நிஜம் என்று உறைத்தது. சுலோசனா தலையில் கை வைக்கவில்லை, அழவில்லை. வாய் சற்றே திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ முகவரி தவறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போல.

வர்ஷாதான் முதலில் பேசினாள். குரல் மாறவில்லை. "எதுக்கு?"

"போர்ட் பிளேர் டாஃப் பாத்தேன்மா. டி.எஸ்.ஆர்.ஏ. போட்டிருந்தான். சி.பி. வேற."

இடியோடு மழை, அதை உண்டாக்கும் கருமேகம். எனக்கே தெரியும்.

"அந்த எழுத்துக்கு முன்னாடி டெம்போன்னு இருந்துச்சா?" என்றாள் வர்ஷா.

"இருந்துச்சு."

"டெம்போன்னா என்னன்னு உனக்குத் தெரியும். நீதான் என்னைக் கேப்பே."

"தெரியும்மா. வந்துட்டுப் போயிடும், கொஞ்ச நேரந்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல நீ அங்க இருந்தீன்னா?"

"இருந்தா சுத்திக்கினு நிப்போம். இல்லன்னா திரும்பி வருவோம். அதுக்குத்தான எரிபொருளு அதிகமா ரொப்பிக்கினு போறோம். என் பக்கத்துல இருபது வருஷம் ஓட்டின கேப்டன் உக்காந்திருக்காரு."

"அதுவும் தெரியும். எல்லாம் தெரிஞ்சிதாம்மா தூக்கம் வரல. ஒண்ணும் தெரியாதவன் சாமிய கும்பிட்டுட்டுத் தூங்கிடறான்."

பிரசன்னா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். விமானங்கள் போகும் வரைபடம். "போர்ட் பிளேர்ல அரை மணி முன்னாடியே இறங்கிடுச்சு நைனா. சுத்தக்கூட இல்ல. வேற யாரோ எஃப்.ஓ. போயிருக்காங்க."

ஏகாம்பரம் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், ஃபேக்டரியில குடிச்சிட்டு ஒருத்தன் வந்தா கேட்டுல இன்னா பண்ணுவாங்க? போயி தூங்கிட்டு நாளைக்கு வாடான்னு அனுப்பிடுவாங்க. ஒரு நாள் லீவுல கழிப்பாங்க, அவ்ளோதான். இவளையும் அப்படி அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். லைசென்ஸ் வரைக்கும் போவும்னு..."

"நான் சொல்லியிருக்கேன்" என்றாள் வர்ஷா. "சேர்ந்த அன்னிக்கே சொல்லியிருக்கேன்."

"சொன்னே. இருமல் சிரப்பு குடிச்சாக்கூட போச்சுன்னு சொன்னே. அந்தப் போச்சு, அன்னிக்கி வேலை போச்சுன்னுதான் எனக்குள்ள நின்னுச்சு."

பிறகு சுலோசனா மெதுவாக எழுந்து என்னிடம் வந்தாள். "அண்ணா, நான் தெரியாம கலந்துட்டேன்னு எழுது. என் பேர்ல எழுது. அம்மா தப்பு பண்ணிட்டான்னா பாவம்னு விடுவாங்க. பெத்த அப்பனே வேணும்னு பண்ணான்னு எழுதினா போலீசு அது இதுன்னு போயிடும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேனாவைத் திறக்காமலே வர்ஷாவைப் பார்த்தேன்.

"மாட்டினவங்க எல்லாரும் அதைத்தாம்மா எழுதுவாங்க" என்றாள் அவள். "சிரப்பு, மவுத்வாஷ், வீட்டுல தெரியாம கலந்துட்டாங்க. படிச்சிட்டு ஓரமா வெச்சிடுவாங்க. வாய்க்குள்ள போறது என்னன்னு பாத்துக்க வேண்டியது என் பொறுப்பு, அதுக்கு மூணு மாசம் நான் உக்காந்துதான் ஆகணும். ஆனா குடிச்சிட்டு வந்தவன்னு என் பேருக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்க மாமா. அவரு பேர்ல."

அப்பா என்று அவள் சொல்லவில்லை. ஏகாம்பரம் அதைக் கவனித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எழுது மச்சான். நான் சொல்றேன்" என்றார்.

தமிழில் அவர் சொல்ல நான் எழுதினேன். அதை அப்படியே பிரசன்னா ஆங்கிலத்தில் அடித்தான். வானிலையைப் பார்த்தது, பீரோவைத் திறந்தது, மூடிக் கணக்கு, வெல்லம் எல்லாம் வரிசையாக வந்தது. 'கலந்துவிட்டது' என்று நான் ஓரிடத்தில் எழுதியிருந்தேன். வர்ஷா எட்டிப் பார்த்து, "கலந்தேன். தெரிந்தே கலந்தேன்" என்றாள். ஏகாம்பரம் தலையசைத்தார். அந்த வரியை அடித்துவிட்டு எழுதாமல், தாளையே மாற்றி முதலிலிருந்து எழுதினேன். மகளுக்கு இதில் எதுவும் தெரியாது, என்ன நடவடிக்கை எடுத்தாலும் அது என்மேல் இருக்கட்டும் என்று முடித்தார். கையெழுத்துப் போடும்போது ஃபேக்டரி டோக்கன் எண்ணையும் பழக்கத்தில் சேர்த்துவிட்டார். இருக்கட்டும் என்று விட்டோம்.

"போட்டோ எடுத்து மெயில் பண்ணினாப் போதாதா?" என்றான் பிரசன்னா.

"பண்ணு. ஆனா கையெழுத்துப் போட்ட ஒரிஜினல் ஸ்பீட் போஸ்ட்ல அவங்க கைக்குப் போகணும். நான் கொண்டுபோய்க் குடுத்தா நானே எழுத வெச்சேன்னுவாங்க" என்றாள் வர்ஷா. பிறகு ஷூவைக் கழற்றாமலேயே உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து துணிகளை அடுக்கத் தொடங்கினாள். காட்டுப்பாக்கத்தில் அவளோடு படித்த சௌம்யா ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாளாம். "திரும்பப் பறக்க விட்டாங்கன்னா இங்கேர்ந்து கிளம்ப மாட்டேன்மா. குடுக்கறதை வாங்கிக் குடிக்க முடியாது" என்றாள். சுலோசனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடித்து வைத்த துணிகளை எடுத்துக் கொடுத்தாள்.

தபால் நிலையம் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று நானும் ஏகாம்பரமும் இறங்கினோம். வழி முழுக்க உறையை அவரே பிடித்துக்கொண்டு வந்தார். கவுண்ட்டர் பக்கத்துப் பலகையில் வைத்துப் பசை தடவினார். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தி, திருப்பிப் பார்த்து, இன்னொரு முறை அழுத்தினார்.

கவுண்ட்டரில் இருந்த பெண் எடை பார்த்துவிட்டுக் கேட்டாள். "போய்ச் சேர்ந்தா மெசேஜ் வரும். எந்த நம்பருக்குப் போடட்டும்?"

என் எண்ணைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் வர்ஷாவின் எண்ணைச் சொல்லிவிட்டார். கவுண்ட்டர் பெண் அதைத் தட்டச்சு செய்து, ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குப் பையில் உறையைப் போட்டாள்.