சூப்பர்சிலியஸுக்கு ஆள் தேவை

…ஆகவே இன்று பொழுது சாய்வதற்குள் ஆங்கில மொழி முழுவதும் என் வசமாகிவிடும், இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, வெள்ளைக்காரனுக்கே தெரியாத வார்த்தைகளைக்கூட இந்த வரப்பில் உட்கார்ந்தபடியே முடித்துவிட்டு, நாளைக் காலை தஞ்சாவூரில் வங்கித் தேர்வு எழுதி, மாலை பஸ்ஸில் அதிகாரியாகத் திரும்புவதாக உத்தேசம். வார்த்தையைப் பார், அர்த்தத்தைப் பார், திரும்பத் திரும்பச் சொல், தூய மனப்பாடம், கலப்படம் கிடையாது. சூப்பர்சிலியஸ், பிறரை மட்டமாக நினைக்கிற. சூப்பர்சிலியஸ், பிறரை… தண்ணீர் வருகிறதா? இல்லை. வாய்க்காலில் இப்போது வீரையன் மாமாவின் முறை, அவருடைய மேல்வயல் நிறைந்து அவர் மடையை அடைத்த பிறகுதான் கீழே எங்கள் மடைக்கு வரும். அப்பா பேராவூரணிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார், எனக்கு ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் போன், இப்படி ஒரு மாணவனை எந்தப் பல்கலைக்கழகம் கண்டது? கிளம்பும்போது அவர் சொன்னது காதிலேயே நிற்கிறது, "இந்தத் தடவையும் இங்கிலீஷ்ல கோட்டை விட்டேன்னா, குவைத்துல ஒன் தாய்மாமன் கடைதான், சொல்லிட்டேன்." போன முறை அரை மதிப்பெண்ணில் போனது. அரை! அதற்காக ஆயுசு பூராவும் பாலைவனத்தில் அட்டைப்பெட்டி பிரிப்பதா… மாட்டேன். சூப்பர்… என்னவோ சிலியஸ், அர்த்தம்… போனைப் பார்க்கக் கூடாது, கூடாது, பார்த்துவிட்டேன்.

சித்தப்பா மகள் இசைவாணி, என்னைவிட இளையவள், இதே தேர்வை எழுதி இப்போது கும்பகோணம் கிளையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் படித்த லட்சணம் எனக்குத்தானே தெரியும், தெருவில் ஆளுக்கொரு வார்த்தையை மாட்டிவிடுவாள். ஓயாமல் பேசுகிற கேரலஸ் என்றால் ஆனந்தவல்லி அத்தை, பகட்டு காட்டுகிற ஆஸ்டென்டேஷியஸ் என்றால் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு உரம் தெளிக்கிற ராஜராஜன், கஞ்சத்தனமான பார்சிமோனியஸ் என்றால் சாட்சாத் வீரையன் மாமா. நான் விடுவேனா? "இது இங்கிலீஷ் இல்ல தாயி, ஊர்ப் பட்டப்பேரு. ரேஷன் கார்டுல ஏத்திடு" என்றேன், ஒரு மாதம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை, "ஆள் இல்லாத வார்த்தை தங்காதுண்ணே" என்றாள். சூப்பர்சிலியஸுக்கு யாரை வைத்திருக்கிறாய் என்றேன். "அதுக்கா? ஆள் இருக்கு" என்று சிரித்தவள் பெயரைச் சொல்லவில்லை. யாராக இருந்தால் எனக்கென்ன?

"என்னடா மந்திரமா ஓதுற?" மேல்வரப்பில் வீரையன் மாமா. இங்கிலீஷ் மாமா, நாளைக்குப் பரீட்சை என்றேன். "அப்ப இங்க ஏன்டா வெயில்ல காயுற? என் வயலு பாதிதான் நனைஞ்சிருக்கு, கெடக்கட்டும், இப்பவே அடைச்சு ஒங்க மடைக்குத் திருப்புறேன். ஒங்க வயலயும் நானே பாத்துக்கிறேன். மம்பட்டிய வச்சுட்டு ஓடு." இவரா? வரப்பில் ஒரு கொத்து மண்ணுக்குப் பஞ்சாயத்து வைத்தவர், டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியைச் சூடு பண்ணித் தரச் சொல்கிறவர், முறைத் தண்ணீரையா விட்டுத் தருகிறார்? "ஏன் மாமா?" என்று கேட்டும் விட்டேன். "ஒங்கப்பன் சொன்னான். குவைத்து வேணாம்டா. நான் போயிருக்கேன்" என்றார், அவ்வளவுதான், மடையில் குனிந்துவிட்டார். வாய்க்காலோரமாக நடக்கிறேன், தண்ணீர் எனக்கு முன்னே எங்கள் வயலுக்கு ஓடுகிறது, மேக்னானிமஸ், பெருந்தன்மையான… இது எப்போது ஏறியது? இதை நான் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லையே, காலையில் போனில் கண்ணில் பட்டதோடு சரி.

தற்செயல். இருந்தாலும் நாளைக்குப் பரீட்சை, இப்போது கொள்கை பார்க்க முடியாது, ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும், யாருக்கும் தெரியாமல்… தெரு முனையிலிருந்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வருகிறேன். பிறரை மட்டமாக நினைக்கிற ஆள். ஆனந்தவல்லி அத்தையா, பாவம், அவர் எல்லோரையும் மனிதராக மதித்துத்தான் அறுக்கிறார். ராஜராஜனா, அவன் தன்னைத் தவிர யாரையும் நினைப்பதே இல்லை. பள்ளிவாசல் பக்கத்து ஜெக்கரியா வாத்தியாரா, சேச்சே. எதிர் வீடு, பக்கத்து வீடு, யாரும் பொருந்தவில்லை. தெரு முடிந்துவிட்டது. எங்கள் வீடுதான் கடைசி, வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிறேன், ஆள் அகப்படவில்லை… ஆனால் சூப்பர்சிலியஸ் மட்டும், போனைப் பார்க்காமலே, அர்த்தத்தோடு வந்து நிற்கிறது, போகச் சொன்னாலும் போகவில்லை.