ஐஸ் தொட்டுப் பார்த்த கம்ப்யூட்டர்

திரையில் முதலில் ஒரு பச்சைக் கோடு வந்தது. பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று. பிறகு ஊதா நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள், அம்மை போட்டாற்போல, கண்ணின் படத்தின் மேலெல்லாம் பரவின. படக்காரி மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் திரை இருண்டது. பெட்டி ‘டொப்’பென்று அடங்கிவிட்டது. மணி மதியம் ஒன்றரை.

அன்றைக்கு அது நான்காவது தடவை.

படக்காரி யார் என்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. கம்ப்யூட்டரில் அசையும் படங்கள் செய்கிறவள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரியில், புரை எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் பயப்படாமல் இருக்க, என்ன செய்யப் போகிறோம் என்று காட்டும் ஆறு நிமிடப் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். கேட்டது மூன்று பேரிடம். எடுத்துக்கொள்ளப் போவது ஒன்றை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினாலும் பார்க்கமாட்டோம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து செய்தாள். வரைந்ததும் அவளே, பேசியதும் அவள் குரலே. மீதி ஒரே வேலை. துண்டு துண்டாகக் கிடக்கும் படத்தையும் குரலையும் கோத்து ஒரே கோப்பாக எடுக்க வேண்டும். அது கம்ப்யூட்டர் தானாகச் செய்கிற வேலை. ஐம்பது நிமிடம் ஆகும். அந்த ஐம்பது நிமிடம் தாக்குப்பிடிக்கத்தான் அதற்குத் தெம்பில்லாமல் போயிற்று.

காலையில் கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் கல்யாணத்துக்குப் போகும் வழியில் வண்டியில் இருந்தபடியே வைத்தியம் சொன்னார்.

“படம் ரொம்ப கனமா இருக்கும்மா. அதுல எது கனமோ அதை எடுத்துட்டுப் போட்டுப் பாருங்க. இல்லேன்னா கிராஃபிக்ஸ் கார்டு போயிருக்கும். நாளைக்குக் கொண்டாங்க, பாக்கலாம்.”

நாளைக்கு! தாலி கட்டி முடிந்த பிறகு மேளம் எதற்கு?

எது கனம் என்று அவளுக்குத் தெரியும். கடைசிக் காட்சிதான். கண் கட்டைப் பிரித்ததும் எல்லாம் வெள்ளையாக, பால் கொட்டினாற்போல இருக்கும். அதற்குள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மெல்ல மெல்லத் தெளிந்து ஒரு சட்டைப் பொத்தானாகும். அதன் நான்கு துளைகளும், துளைக்குள் போகும் நூலும்கூடத் தெரியும். படத்தின் உயிரே அந்த முப்பது விநாடியில்தான் இருந்தது. அதை வெட்டினாள். வெட்டியதோடு விட்டாளா? கம்ப்யூட்டருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று, வெட்டியதைத் துடைத்தும் போட்டாள். காட்சியின் பழைய பிரதி ஒரு பென்டிரைவில் இருந்தது. அதற்குப் பேசிய குரல் மட்டும் எங்கேயும் இல்லை.

வெட்டிய பிறகு போட்டதுதான் இந்த நான்காவது தடவை.

வாசல் கதவு திறந்தது. கையில் கருவிப் பையோடு நாத்தனார் உள்ளே வந்தாள். ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்க்கிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘ஐஸ்’ என்று பெயர். இந்தப் பக்கம் வேலை இருந்தால் மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான்.

“என்ன அண்ணி, முகத்தை ஃப்ரீசர்ல வெச்சு எடுத்த மாதிரி இருக்கு?”

“பேசாம போய்ச் சாப்பிடு ஐஸு. யாரையாவது கடிக்கணும் போல இருக்கு எனக்கு.”

“கடிங்க, பரவாயில்ல. காரணத்தைச் சொல்லிட்டுக் கடிங்க.”

சொன்னாள். ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, தட்டைத் தேடாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மொத தடவை எத்தனை நிமிஷத்துல நின்னுச்சு?”

“இருபது இருக்கும்.”

“அப்புறம்?”

“பன்னெண்டு. அப்புறம் எட்டு. இப்ப அஞ்சுகூட இல்ல.”

“நடுவுல ஆற விட்டீங்களா?”

“எங்க ஆற விடறது? நின்ன உடனே போட்டேன். திரையையும் மாத்திப் பாத்தேன், வயரையும் மாத்திப் பாத்தேன். அதே கோடு.”

“அப்ப திரை மேலயும் தப்பில்ல, வயர் மேலயும் தப்பில்ல. படத்து மேலயும் தப்பில்ல.”

“படம் கனம்னு அவர் சொன்னாரே?”

“கனத்தை எறக்கின பிறகு இன்னும் சீக்கிரமா படுத்துக்கிச்சே! மூட்டையை எறக்கி வெச்சா மாடு ஓடணுமா, விழணுமா?” என்றாள் ஐஸ். “இது கனம் இல்ல அண்ணி, சூடு. ஒவ்வொரு தடவையும் மிச்சச் சூட்டோடவே மறுபடி கெளப்பியிருக்கீங்க. அதான் நேரம் குறைஞ்சுகிட்டே வருது.”

“உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?”

“தெரியாது. சூட்டைத் தெரியும். இருபது வருஷமா அதோடதான் குடித்தனம். உள்ள பொறக்கும், வெளிய போகணும். போற வழி சரியா இருக்கான்னு பாத்தா போதும். போடுங்க ஒரு தடவை.”

போட்டாள். ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். கிழிந்த துணியிலிருந்து ஒரு நூலை உருவி, பெட்டியின் பின்பக்கம் காற்று வரவேண்டிய ஓட்டைக்கு நேரே பிடித்தாள். நூல் அப்படியே தொங்கியது. மூச்சு நின்றவரின் மூக்குக்கு நேரே பஞ்சை வைத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. மேலே பிடித்தாள். அங்கேயும் அசையவில்லை.

பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“ஏன் அண்ணி இது இவ்ளோ அமைதியா இருக்கு? போன மாசம் நான் வந்தப்ப மாவு மெஷின் மாதிரி கத்திக்கிட்டு இருந்துச்சே?”

“மூணு வாரமாவே சத்தம் இல்ல. பழகிடுச்சுன்னு நெனச்சேன்.”

“மெஷின் பழகாது அண்ணி. எங்க அண்ணன் வேணா உங்ககிட்ட பழகியிருப்பாரு.”

மின்சாரத்தை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, ஐஸ் பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றினாள். தகடு லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வந்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே தூசி இல்லை. கம்பி எதுவும் கருகவில்லை. உள்ளே மெத்தை இருந்தது.

அரை அங்குல நுரை. அதன்மேல் சாம்பல் நிறத் துணி. ஓரமெல்லாம் மடித்து, மயிரிழை பிசகாத தையல். மேல் ஓட்டை, முன் ஓட்டை, பின்பக்கத்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் என்று எல்லாவற்றுக்கும் அளவெடுத்து வெட்டி ஒட்டியிருந்தது. தகட்டில் ஒட்டியது மட்டும் சூட்டில் பசை இளகித் தொங்கிப்போய், அதன் ஓரம் கிராஃபிக்ஸ் கார்டின் விசிறிக்குள் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. விசிறியை ஐஸ் விரலால் தள்ளினாள். நகரவில்லை.

“அண்ணி, இந்தத் தையலை எங்கயோ பாத்திருக்கேன்.”

படக்காரி எழுந்து நின்று, வீட்டின் முன்பக்கத்துக் கடையைப் பார்த்து, “என்னங்க!” என்றாள்.

‘என்னங்க’வில் பல வகை உண்டு, உங்களுக்குத் தெரியாததா? சாப்பிட வாங்க என்கிற ‘என்னங்க’ உண்டு. யாரோ வந்திருக்காங்க என்கிற ‘என்னங்க’ உண்டு. இது அந்த ரகமெல்லாம் இல்லை. கடையில் சோபாவுக்கு நுரை அடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் மெத்தைக்காரர், வாயில் இருந்த நூலைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றார்.

“இது நீங்க வெச்சதா?”

“ஆமா.”

“எப்ப?”

“நீ ஆஸ்பத்திரியில மீட்டிங்னு போனியே, அன்னிக்கு.” அவர் நூலை வாயிலிருந்து எடுத்தார். “ஒவ்வொரு தடவை குரல் எடுக்கும்போதும் இந்தச் சத்தம் கெடுக்குதே, கெடுக்குதேன்னு தலையில அடிச்சிக்கிட்டியே. சத்தத்தை அடக்கறது எனக்குத் தெரிஞ்ச வேலை. சத்தம் வர்ற ஓட்டையெல்லாம் பாத்து அடைச்சேன்.”

“அது சத்தம் வர்ற ஓட்டை இல்லண்ணா. மூச்சு விடற ஓட்டை,” என்றாள் ஐஸ். “மூக்குல பஞ்சை வெச்சுட்டு மூட்டை தூக்கச் சொல்லியிருக்கே.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றாள் படக்காரி.

“சத்தம் குறைஞ்சதும் நீயே கேப்பே, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல.”

படக்காரி அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “இதுக்காக அந்தப் பொத்தானை வெட்டிட்டேங்க.”

எந்தப் பொத்தான் என்று அவர் கேட்கவில்லை. பார்த்து வரையட்டும் என்று தன் டப்பாவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவர் அங்கேயே நின்று வருத்தப்படுகிற ஆள் இல்லை. கடைக்குப் போய் மெழுகு தடவிய கெட்டி நூலும், வளைந்த ஊசியும், சின்ன இடுக்கியும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார்.

“தண்ணி, எண்ணெய், பசை கரைக்கிற மருந்து எதுவும் ஆகாது,” என்றாள் ஐஸ்.

“மெத்தையைப் பிரிக்க எனக்கு மருந்து வேணுமா? நகரு.”

தகட்டுக்கும் நுரைக்கும் நடுவில் நூலைக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து அறுத்துக்கொண்டே போனார். தோல் உரிவதுபோல ஒவ்வொன்றாக வந்தது. விசிறியில் சிக்கியதுதான் கஷ்டம். ஐஸ் விசிறியைப் பிடித்துக்கொள்ள, அவர் வளைந்த ஊசியால் நுரையை இழை இழையாக எடுத்தார். இரண்டு பேரின் தலையும் ஒட்டியிருந்தது.

“மூச்சு விடாதே, பறக்குது.”

“நீ அடைச்ச பெட்டிக்கு நான் மூச்சை நிறுத்தணுமா? நல்ல நியாயம்!”

இரண்டே முக்காலுக்கு முடிந்தது. பெட்டி ஆறட்டும் என்று ஐஸ் பத்து நிமிடம் யாரையும் தொட விடவில்லை. பிறகு போட்டார்கள். விசிறிகள் மாவு மெஷினாகக் கத்தின. ஐஸ் பின்னால் பிடித்த நூல் கொடிபோலப் பறந்தது. கார்டின் சூட்டைத் திரையில் எண்ணாகப் பார்க்க ஒரு வழி உண்டு. காலையிலிருந்து பார்க்கத் தோன்றாத அதைப் படக்காரி இப்போது திறந்தாள். நாற்பத்தெட்டு டிகிரி.

“வெட்டின படத்தையே போட்டுடலாமா? நேரம் இருக்கும்போதே?” என்றார் மெத்தைக்காரர்.

“வெட்டினது இனிமே எதுக்கு?” என்றாள் படக்காரி. பென்டிரைவைச் செருகி, பழைய காட்சியை எடுத்து அதன் இடத்தில் ஒட்டவைத்தாள். அதற்கே மூன்றேகால் ஆயிற்று. குரல் மட்டும் பாக்கி. போனிலேயே பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். எங்கே பேசுவது? இந்த அறையில் விசிறி. படுக்கையறைக்கு வெளியே தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குளியலறையில் பேசிப் பார்த்தாள். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

“கடைக்கு வா,” என்றார் மெத்தைக்காரர்.

அவர் நுரைப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி மூன்று சுவர் எழுப்பினார். மேலே இரண்டு மெத்தையைக் குறுக்கே போட்டார். நாலாவது பக்கத்துக்குப் பெரிய சோபாவைத் தள்ளி வைக்க வழி விட்டு, நடுவில் ஒரு முக்காலியைப் போட்டார்.

“உள்ள போ.”

“மூச்சு முட்டாதே?”

“ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஐம்பது நிமிஷம்னாதான் ஆபத்து, அதை இப்பதான் கத்துக்கிட்டேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. உள்ளே போனாள். சோபா நகர்ந்து மூடியது. தெருவைத் தோண்டும் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. தன் மூச்சு தனக்கே கேட்டது. பழைய வசனம் நீளமானது, மனப்பாடமாகவும் இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். இத்தனை பேச்சு எதற்கு என்று தோன்றியது. மறுபடி தொடங்கினாள். பயந்துபோய் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“உங்களுக்கு முன்னால ஒரு பொத்தான் இருக்கு. அவசரமே இல்ல. எத்தனை துளைன்னு எண்ணிப் பாருங்க.”

வெளியே, மெத்தைக்கு அளவு சொல்ல வந்த ஒருவரை ஐஸ் கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். “உள்ள யாரு?” என்று அவர் ஜாடையில் கேட்டார். “எங்க அண்ணி,” என்று அவளும் ஜாடையிலேயே சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டார்.

மூன்றே முக்காலுக்குக் கோக்கும் வேலை தொடங்கியது. மூன்று பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். எண் ஏறியது. ஐம்பத்தொன்பது. அறுபத்தாறு. எழுபத்திரண்டு.

“ஏறுதே!” என்றார் மெத்தைக்காரர்.

“வேலை செஞ்சா வேர்க்காதா? ஏறட்டும், ஒரு எடத்துல நிக்கும்.”

எழுபத்து நான்கில் நின்றது. ஐந்தாவது நிமிடம் போயிற்று, இருபதாவது நிமிடம் போயிற்று. ஐஸ் அப்போதுதான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். ஒரு கோடும் வரவில்லை. நான்கு நாற்பதுக்கு வேலை முடிந்தது.

“அனுப்புங்க அண்ணி, அனுப்புங்க!”

“பாத்துட்டுத்தான் அனுப்புவேன்.”

“ஆறு நிமிஷம் போயிடுமே?”

“இருபது இருக்கு. பாக்காம நான் எதையும் கையை விட்டு அனுப்பினதில்ல.”

பார்த்தார்கள். புரை படிந்த கண் வந்தது, மருத்துவரின் கை வந்தது, கட்டு வந்தது. கட்டைப் பிரித்ததும் திரை முழுக்க வெள்ளையாயிற்று. அதற்குள் ஒரு புள்ளி. மெத்தைக் கோட்டைக்குள் பேசிய குரல், காதோடு சொல்வதுபோல வந்தது. புள்ளி தெளிந்தது. மெத்தைக்காரரின் உதடு தானாக அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

நான்கு நாற்பத்தெட்டுக்குப் படக்காரி அனுப்பினாள். ‘வந்து சேர்ந்தது, நன்றி’ என்று ஒரு வரி பதில் வந்தது.

“எடுத்துப்பாங்களா?” என்றார் மெத்தைக்காரர், ஐஸைப் பார்த்து.

“எடுத்துப்பாங்க,” என்றாள் படக்காரி. ஐஸ் வாயைத் திறக்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.