அடுப்படியில் இரண்டு தட்டு

1938இல், பாஸ்கு என்னும் ஈஸ்டர் திருநாள் முடிந்து சில வாரங்களுக்குப் பின் அந்த மத்தியான வேளையில், ஆவூரில் அந்த வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: வீட்டுக்காரர் மைக்கேல்சாமி, அவர் மனைவி செபமாலை, மகள் சூசைமேரி, பார்க்க வந்த கோயில் உபதேசியார் அடைக்கலம். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் யாரும் இருக்கவில்லை.

பாஸ்குக்கு முந்திய தபசுகாலத்தில் ஊரே ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்தது. பாஸ்கு வந்ததும் ஊர் கறி ஆக்கித் தின்றது. சூசைமேரி மட்டும் ஒருசந்தியை விடவில்லை. அந்த வீட்டில் ஆம்பளை கூடத்தில் உண்டு எழுந்த பிறகுதான் பெண்கள் அடுப்படியில் உட்காருவார்கள். அதனால் மகள் தன் சோற்றை நாய்க்கு வைப்பது மைக்கேல்சாமிக்குத் தெரியாமலே போயிற்று. அவள் வளையல் முழங்கை வரை ஏறிய பிறகு, அன்று மத்தியானம், செபமாலை உடைந்து அவரிடம் சொல்லிவிட்டாள்.

"திட்டியும் பாத்தேன், ஊட்டியும் பாத்தேங்க. ஒரு வாய் எறங்குனாலே பயமா இருக்குங்கிறா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் உபதேசியார் வந்துவிட்டார். "ஒங்க வீட்ல ஒரு புனிதவதி பொறந்திருக்காங்க! விராலிமலைப் பக்கமெல்லாம் பேச்சாயிருச்சு. ஞாயித்துக்கிழமை சனங்களை மெழுகுவத்தியோட கூட்டியாரட்டுமா?"

மைக்கேல்சாமியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கோயில் தேரில் முதல் வடம் பிடிக்கும் குடும்பம் அது. அதற்கும் மேலே ஒரு மரியாதை வாசல் தேடி வந்திருக்கிறது. பெருமையோடு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடிக்காமல் அவளால் நிற்க முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அவளுக்கு நோவு, உபதேசியாரே. கூட்டம் வந்தா வாசல்ல நான் நிப்பேன். தாண்டிப் போகச் சொல்லுங்க பாப்போம்."

உபதேசியார் துண்டை உதறிக்கொண்டு போனார். மைக்கேல்சாமி கூடத்திலிருந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்து, மகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"என்னங்க இது, ஆம்பளை அடுப்படியில?" செபமாலை பதறினாள்.

"அங்கிட்டுத் தனியா உக்காந்து திங்கப் பிடிக்கலை. ஊத்து."

மகளின் தட்டை அவர் பார்க்கவில்லை. சந்தைக் கதை பேசினார். "நம்ம செவலைக் காளை, கண்ணுசாமி வேட்டியை மேஞ்சுபுட்டுது. பய துண்டைக் கட்டிக்கிட்டு ஓடியாரான்."

"முழு வேட்டியுமா அய்யா?"

"கரையை மட்டும் துப்பிருச்சு. அதுக்கும் ருசி தெரியுது."

சூசைமேரி சிரித்தாள். சிரித்தபடியே ஒரு வாய் கஞ்சி குடித்தாள். "இன்னொரு வாய்..." என்று ஆரம்பித்த செபமாலையைக் கண்ணாலேயே அடக்கினார்.

எல்லா நாளும் அப்படி நடக்கவில்லை. தட்டு அப்படியே கிடந்த நாட்களும் உண்டு. அன்றும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் தாமே பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தார். அடுத்த அறுவடைக்குள் வளையல் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. கூடத்தில் அவர் சாப்பிட உட்காரும் பாயைச் செபமாலை சுருட்டிப் பரணில் போட்டாள்.

சூசைமேரி அந்த வருடம் முழுக்க பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை மட்டும் உண்டு உயிர் வாழ்ந்தாள் என்று இன்றும் சொல்கிறார்கள். அது பொய். அவள் கேப்பைக் கஞ்சி குடித்தாள். தொட்டுக்கொள்ளக் கருவாடு.