வால்வு பூட்டியாச்சோ?

1

இந்தக் கதை ஒரு தவளையால் வந்தது. அந்தத் தவளை நான் சொன்ன பொய். ஆகவே கதைக்கு மூலமே பொய்தான், மற்றதெல்லாம் உண்மை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1984ஆம் ஆண்டு, ஆர்க்கிட் பூக்கள் தாகத்தில் கதறிய ஒரு காலையில்—"

ஆர்க்கிட் கதறாது. அடித்துவிட்டேன்.

மறுபடியும்: குலசேகரம் ஐயா ஓய்வுபெற்ற குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் குடும்பம். பாயான் லெப்பாஸ் என்ற மலாய் நாட்டு ஊரில் வீட்டுக்குப் பின்னால் நானூறு ஆர்க்கிட் தொட்டிகள் வைத்திருந்தார். பதினோரு வருஷமாக அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் ராமதாஸ். நான் பக்கத்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் வீட்டு ரேடியோ, பம்பு எல்லாவற்றையும் பழுது பார்ப்பதாகச் சொல்லிக் கூடுதலாகப் பழுதாக்குபவன்.

2

ஐயாவுக்குத் தானியங்கி வால்வு ஒன்றைத் தேடிக் கொடுத்தவன் நான்தான். காலை ஆறு மணிக்கு ஒரு கடிகாரம் அதற்குக் கரண்ட் அனுப்பும். வால்வு தானே திறக்கும். எல்லாத் தொட்டிகளுக்கும் தண்ணீர் தூவும்.

"இனி ராமதாஸுக்கு மாதக் கடைசியோடை ஓய்வு" என்றார் ஐயா, கலியாண வாழ்த்துச் சொல்வதுபோல. ராமதாஸ் பூவாளியைப் பிடித்தபடி தலையாட்டினார். வால்வு வேலை செய்தால் அவருக்கு வேலை இல்லை. கதையின் முடிச்சு இவ்வளவுதான், வேறு தேட வேண்டாம்.

திங்கட்கிழமை வால்வைக் குழாயில் மாட்டியவரும் ராமதாஸ்தான். [தன்னை வெளியே அனுப்பப்போகும் இயந்திரத்தைத் தானே மாட்டும் மனிதனின் துயரம் பற்றி இங்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆனால் ராமதாஸ் அன்று விசில் அடித்துக்கொண்டே வேலை பார்த்தார் என்பது ஞாபகம் வந்தது. கிழித்துவிட்டேன்.]

3

ஆறு நாளும் வால்வு திறக்கவில்லை. ராமதாஸ் தோட்டத்துத் தண்ணீர் டாங்கியில் பூவாளியை முக்கி முக்கி ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஐயா எனக்கு ஆள் விட்டார்.

"என்ன தம்பி, உது ஏன் திறக்குதில்லை?"

கரண்ட் சரியாக வந்தது. வால்வும் 'டிக்' என்றது. கழற்றினேன். உள்ளே மணல் இல்லை, ரப்பர் கிழியவில்லை. கழற்றியபோது என் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அடிக்கவில்லை; அதை என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, வால்வுக்குக் கரண்டும் கொடுத்த பிறகு, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத் தோன்றியது. (எந்தப் பழுதுக்காரனும் முதலில் பார்ப்பது இதைத்தான். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

டாங்கிக்கு அடியில், குழாய் புறப்படும் இடத்தில், செடி மறைவில், பழைய கைவால்வு ஒன்று. இறுக்கி அடைத்திருந்தது.

"ராமதாஸ், இத யாரு அடைச்சது?"

"நாந்தாண்ணே. திங்கக்கெழம சாயங்காலம் ஐயா கேட்டாரு, 'வால்வு பூட்டியாச்சோ?'ன்னு. அடடா, மறந்துட்டமேன்னு ஓடியாந்து பூட்டுனேன். 'பூட்டியாச்சுங்கையா'ன்னேன். அவரும் சந்தோசப்பட்டாரு லா."*

* 'லா' வெறும் மலாய்ப் பேச்சு அசை. யாழ்ப்பாணத்தார் பேச்சில் குழாயைப் பூட்டுவது என்றால் அடைப்பது. பல்பைப் பூட்டுவது என்றால் மாட்டுவது. ஐயா கேட்டது 'மாட்டியாயிற்றா'. ராமதாஸ் காதில் விழுந்தது 'அடைத்தாயிற்றா'. இதைக் கதைக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் ஐயா வந்துகொண்டிருந்தார்.

4

கைவால்வின் மேல் என் கை. நாலு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் வரும், ராமதாஸ் போவார்.

"என்ன பிழையாம்?"

"தவளை, ஐயா."

"எங்கை?"

"வால்வுக்குள்ள."

"அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளாலை எப்பிடியடாப்பா போனது?"

"சின்ன வயசுல போயிருக்கும்."

ஐயா வால்வைக் குனிந்து பார்த்தார். முப்பது வருஷம் கோப்புப் பார்த்த மனிதர்; காரணம் என்று ஒன்று எழுதியிருந்தால் அவருக்குப் போதும்.

"திரும்ப வருமோ?"

"ஈரம் கண்ட தவளை, வராம இருக்குமா? தெனம் ஆறு மணிக்கு ஒரு ஆள் பக்கத்துல நின்னு வால்வத் தட்டிக்கிட்டே இருக்கணும்."

"அதுக்கு ஆர் இருக்கினம்?"

இருவரும் ராமதாஸைப் பார்த்தோம். அவர் அடக்கமாக ஸ்பானரை எடுத்து, வால்வை மெல்லத் தட்டிக் காட்டினார். நான் செடி மறைவில் கைவால்வைத் திருப்பினேன். நானூறு தொட்டிகளிலும் மழை.

"மாதக் கடைசியோடை எண்டு சொன்னதை விடு, ராமதாஸ்" என்றார் ஐயா, நனைந்தபடி.

5

இங்கேயே நிறுத்தியிருப்பேன். பாவம், ஒரு மனிதர் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டார், நான் காப்பாற்றினேன். நான் நல்லவனாக வரும் கதைகள் என்னிடம் அதிகமில்லை.

ஆனால் கிளம்பும்போது என் மோட்டார்சைக்கிள் கண்ணாடி கழன்று தொங்கியது. ராமதாஸ் ஸ்பானரோடு ஓடிவந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே, கண்ணாடியப் பூட்டித் தர்றேன்."

அதே 'பூட்டி'. மாட்டித் தந்தார்.

தெரு முனைவரை அந்தக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ராமதாஸ் அப்பாவி, ஒன்றில் கில்லாடி, மூன்றாவதில் ஐயாவுக்கு எல்லாமே தெரியும். மூன்றையும் கழற்றி வைத்துவிட்டேன். கதையை நீங்களே பூட்டிவிடுங்கள்; எந்த அர்த்தத்தில் என்று ராமதாஸைப்போலவே எனக்கும் தெரியாது.