துணைக்கு வந்தவர் சொல்வார்

எனக்கு மனநோய் வந்ததிலிருந்து எனக்கு வாய் இல்லை. டாக்டரின் கேள்விகள் எல்லாம் என் அண்ணன் எர்னஸ்டுக்குத்தான். "தூங்குறாங்களா?" என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரிபிரசாத் அவனைப் பார்த்துக் கேட்பார். "சூப்பரா தூங்குது டாக்டர்" என்பான், தானே தூங்கி எழுந்த மாதிரி பெருமையாக. நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்தத் தூக்கம்தான் என் பிரச்சினை. மாத்திரை போட்டால் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்க முடியாது. பங்காருபாளையத்தில் மாம்பழக்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். "ரெஸ்ட் எடுங்கம்மா" என்று மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீசன் வருகிறது, காலையில் வர முடிந்தால் வேலை உண்டு என்கிறார்கள். அதற்கு மாத்திரையைக் குறைக்க வேண்டும்.

அண்ணனிடம் சொல்லலாம். ஆனால் நான் தூங்காமல் திரிந்த நாட்களில் வாசற்படியில் பாய் போட்டுக் காவல் கிடந்தவன் அவன். நான் தூங்குவது அவனுக்கு உபவாச ஜெபத்தின் பலன். அதில் எப்படிக் குறை சொல்வது?

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் 'கோ-டிசைன்' என்று ஒரு கூட்டம் போட்டார்கள். டாக்டர்களும் நோயாளிகளும் சரிசமமாக உட்கார்ந்து, வைத்தியத்தை எப்படி மாற்றலாம் என்று யோசிப்பதாம். நோயாளிகள் துணைக்கு ஒருவரைக் கட்டாயம் அழைத்து வரவேண்டுமாம். சித்தூரிலிருந்து அண்ணனும் பஸ் ஏறினான்.

கூட்டத்தை நடத்திய ஷோபா என்னிடம் மைக்கை நீட்டினார். "செப்பண்டி கேசியாகாரு, சொல்லுங்க, உங்க அனுபவம்தான் எங்களுக்கு முக்கியம்."

மிஷன் சபையில் வளர்ந்தவர்களிடம் மைக்கைக் கொடுத்து அனுபவம் கேட்கக் கூடாது. எங்களுக்குத் தெரிந்தது சபையில் எழுந்து நின்று சொல்லும் சாட்சி ஒன்றுதான். அது வியாதியில் ஆரம்பித்து ஸ்தோத்திரத்தில் முடியும், நடுவில் புகாருக்கு இடமில்லை. வாய் தன்பாட்டுக்கு ஓடியது. விழுந்து கிடந்தேன், கர்த்தர் தூக்கிவிட்டார், டாக்டரைக் கருவியாக எடுத்து உபயோகித்தார் என்று முடித்தேன். அண்ணன் "ஆமென்" என்றான். ஷோபா சார்ட்டில் 'சேவையில் முழுத் திருப்தி' என்று எழுதினார். என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் மாற்றி நடிக்கச் சொன்னார்கள். டாக்டர் ஹரிபிரசாத் நோயாளி, நான் டாக்டர். அண்ணன் எப்போதும்போல் துணைக்கு வந்தவர், அவனுக்கு ஒத்திகையே தேவையில்லை.

நான் நோயாளியைப் பார்க்கவே இல்லை. "தூங்குறாரா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"சூப்பரா தூங்குறாரு டாக்டர். மத்தியானம் வரைக்கும் எழுந்துக்கறதே இல்ல."

"ரொம்ப சந்தோஷம். சாப்பாடு?"

"எழுந்து துன்னுட்டு மறுபடியும் படுத்துக்கினு கிடக்கிறாரு."

"மேடம், நான் வேலைக்குப் போகணும்" என்றார் ஹரிபிரசாத்.

நான் அண்ணன் பக்கமே திரும்பியிருந்தேன். "வீட்லயும் இப்படித்தான் குறுக்கே பேசுவாரா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப இன்னொரு மாத்திரை சேத்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணன் உட்பட. ஹரிபிரசாத் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் போனபோது அண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். புது ஏற்பாடாம், முதலில் நோயாளி, பிறகுதான் துணைக்கு வந்தவர். டாக்டர் என்னைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்றார். சாதாரணக் கேள்விதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்துவிட்டுத் தூக்கத்தைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன். மாத்திரையைப் பாதியாக்கினார். தூக்கம் கெட்டால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் எழுந்தான். "டாக்டர் இன்னா கேட்டாரு? நீ இன்னா சொன்னே?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் சின்னதாகிவிட்டது.

"இவ்ளோ கஷ்டப்பட்டுக்கினு இருந்திருக்கிற, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே அண்ணா. எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க."

அண்ணன் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

"சரி, உக்காரு. காலையில எத்தினி மணிக்கு எழுப்பணும், சொல்லு."