திரையின் நடுவில் கறை

பாலாவிச் சந்தியில் கடிதமும் விண்ணப்பமும் அடித்துக் கொடுக்கிற ஹஃபீலாவுக்கு ஆறு மாதமாகத் தன் கணினித் திரைமேல் தீராத எரிச்சல். வெளிச்சம் மங்குகிறது, எழுத்து நெளிகிறது, நடுவில் புகை படிந்த மாதிரி ஒரு கறை. ஈரத் துணியால் துடைத்தாள், காய்ந்த துணியாலும் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. அந்தப் பழுதான திரையை நாள் முழுக்க உற்றுப் பார்த்துக் கண்ணும் களைத்துவிட்டது. அந்திக்கு வீடு வந்தால் சோற்றுக் கோப்பையிலும் அதே மங்கல்தான். திரையை மாற்றினால் கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படி இருக்கையில்தான் அவள் அடித்துக் கொடுத்த குறிஞ்சிப்பிட்டி அல்பொன்சாவின் காணி விண்ணப்பம் திரும்பி வந்தது. அடையாள அட்டை இலக்கத்தில் எட்டுக்குப் பதிலாக மூன்று விழுந்திருந்தது. அல்பொன்சா ஏசவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில் உட்கார்ந்திருந்தாள். ஏசியிருந்தால்கூட ஹஃபீலாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இஞ்சருங்க, இந்தத் திரையோட இனி ஏலாது. பெரிசா ஒண்டு எடுக்கோணும்" என்று அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள்.

ஜபார் ஓட்டோ ஓடுகிறவன். ஊர்ச் செய்தியெல்லாம் அவன் பின்சீட்டில் ஏறி இறங்கும். முந்தல் பக்கம் இறால் பண்ணையொன்று நோய் விழுந்து மூடப்பட்டதையும், அதன் மேசை கதிரையெல்லாம் சேர்த்துக் கந்தோர்ச் சாமான்கள் விலைக்குப் போவதையும், அதில் ஒரு பெரிய திரை இருப்பதையும் இரண்டே நாளில் அறிந்து வந்தான்.

புத்தளத்தில் கணினி திருத்துகிற நௌஃபரிடம் கேட்டபோது அவன் எச்சரித்தான். "பழைய திரை எடுக்கிறதெண்டா உங்கட பெட்டியையும் கொண்டு போங்க ராத்தா. உங்கட பெட்டில நீலத் தலை வயர் மட்டுந்தான் போகும். அந்தத் திரைல அந்த இடமே இல்லாம இரிக்கும். மாட்டிப் பாக்காம வாங்கிராதீங்க." இடையில் பொருத்துகிற ஒரு சின்ன மாற்றியையும் இரவலாகக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை, கணினிப் பெட்டியைப் பெட்சீற்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹஃபீலா ஜபாரின் ஓட்டோவில் முந்தலுக்குப் போனாள். பண்ணையில் கணக்குப் பார்த்த கத்தரினாதான் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கறாரான முகம். குளங்களைக் கமராவில் காவல் பார்ப்பதற்கு வாங்கிய திரையாம் அது.

நௌஃபர் சொன்னது சரிதான். நீலத் தலை நுழைய அதில் இடமில்லை. மாற்றியைப் பொருத்தித் திரையைப் போட்டார்கள். திரை கறுப்பாகவே கிடந்தது. ஒரு சின்னக் கட்டம் மட்டும் அங்குமிங்கும் ஓடியது.

"சிக்னல் இல்லையாம்" என்று கத்தரினா வாசித்தாள்.

மாற்றிக்கும் மின்சாரம் வேண்டும் என்று நௌஃபர் சொன்னது ஹஃபீலாவுக்கு நினைவு வந்தது. அதன் வால் போன்ற வயரைப் பெட்டியின் பின்பக்கம் விரலால் தடவித் துளை கண்டு செருகினாள். படம் வந்தது. எழுத்துகள் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி அகன்று நின்றன. பழகிய கையால் அளவை மாற்றினாள். எல்லாம் சுருங்கி ஒழுங்காகின.

"தண்ணி மாதிரித் தெளிவா இரிக்கு" என்றான் ஜபார்.

ஹஃபீலா முன்னால் சாய்ந்தாள். "இதுலயும் கறை இரிக்கே."

"எங்க தங்கச்சி?" என்று கத்தரினா குனிந்தாள்.

"நடுவுல. இந்தா." விரலை வைத்தாள்.

"அதுல ஒண்டுமில்ல. விலையக் குறைக்கோணுமெண்டா நேரடியாக் கேளுங்க. இல்லாத குறை சொல்லாதீங்க."

"எனக்கும் ஒண்டும் தெரியல்லையே ஹஃபீலா" என்றான் ஜபார், சங்கடத்தோடு.

"உங்களுக்கு இதுகளப் பத்தி என்ன தெரியும்" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். வெறும் வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்தாள். இடது மூலையைப் பார்த்தாள். கறை இடது மூலையில் இருந்தது. வலது மூலைக்குப் பார்வையை மாற்றினாள். கறையும் கூடவே போனது. ஏதோ வாதாட வேண்டும் என்று கத்தரினாவை நிமிர்ந்து பார்த்தாள். தலைமயிர் தெரிந்தது, காதுத் தோடு தெரிந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் புகை.

அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கத்தரினாவின் குரல் இறங்கியது. "தங்கச்சிக்குச் சீனி வருத்தம் இருக்கா?"

"ஓம், மாசா மாசம் கிளினிக் போறா" என்றான் ஜபார்.

"போகல்ல" என்றாள் ஹஃபீலா.

"என்ன?"

"நோம்புக்கு முந்தியே விட்டுட்டன். கிளினிக் நாள்லதான் கடைக்குச் சனம் கூட வருது."

கத்தரினா சுவர்க் கலண்டருக்கு நேரே அவளை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொன்னாள். வலது கண்ணைப் பொத்தினால் திகதிகள் நெளிந்தாலும் தெரிந்தன. இடதைப் பொத்தியபோது கலண்டரே இல்லை.

"எங்கட அவருக்கும் இப்பிடித்தான் துவங்கினது" என்றாள் கத்தரினா. எப்படி முடிந்தது என்று அவள் சொல்லவில்லை. ஹஃபீலாவும் கேட்கவில்லை.

ஜபார் வயர்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சுற்றினான். பிறகு, "திரைய எடுக்கிறம்" என்றான்.

"என்னத்துக்கு? பிழை அதுல இல்ல, என்ட கண்ணுலதான்."

"பிழையில்லாததத்தானே வாங்க வந்தம்."

திரையோடு ஓட்டோவில் திரும்பினார்கள். உப்பளம் தெரியத் தொடங்கியதும் முன்னாலிருந்தே அவன் கேட்டான். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"எனக்கே தெரியாதே" என்றாள். அது உண்மைதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கோப்பையில் சோறு மங்கியபோது, மகள் அஸ்னாவின் முகம் மங்கியபோது, தெரிந்தும்தானே திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்த பெண் டொக்டர், அன்றைக்கே கடிதம் எழுதி அவளைக் கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், மாதத்துக்கு ஒன்றாக மூன்று. இடது கண் அந்த அளவோடு நின்றது. வலதுக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு வந்தது.

இப்போதும் அவள் சந்தியில் அடிக்கிறாள். பெரிய திரையில் எழுத்தை இன்னும் பெரிதாக்கி, ஒற்றைக் கண்ணால். முன்பு ஒரு மணித்தியாலத்தில் முடித்த வேலை அரைநாள் எடுக்கிறது. அவசரக்காரர்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். கிளினிக் நாளில் ஜபார் ஹயர் ஓடுவதில்லை. அவளை இறக்கிவிட்டு வாசலிலேயே நிற்பான். வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று அவளைக் கேட்கமாட்டான். அவள் கையிலிருக்கும் கிளினிக் கொப்பியை வாங்கி, அன்றைய திகதி போட்டிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்வான்.