முப்பத்தொன்றாவது பெயர்

எங்கள் குடும்பத்தில் திருடர் என்று பெயரெடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் பள்ளிக்கூட வாத்தியார். என் அம்மாவின் தாத்தா, ஒத்னியல் பில்கிரிம். ஹார்மனி ரிட்ஜ் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, வராத பிள்ளையை வந்ததாக எழுதி வேலையை இழந்தவர். அந்தக் காலத்தில் தலைகளை எண்ணித்தான் பள்ளிக்கு மானியம் கொடுப்பார்கள். அதனால் மானியப் பணத்தைத் திருடினார் என்று ஊர் ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டது. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் யாராவது அங்கே மீன் எண்ணி வாங்கினால், "பில்கிரிம், ஒண்ணைக் கூட்டி எண்ணிராதே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

ஆகஸ்டில் குடும்பக் கூட்டம். நியூயார்க், டொராண்டோ, லண்டன் என்று சிதறிக் கிடக்கும் பில்கிரிம்கள் எல்லோரும் நான் இருக்கும் பார்படோஸில் வந்து இறங்கி, ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்பாடெல்லாம் என் பெரியம்மா மகள் மார்செல். மே மாதம் கூப்பிட்டாள்.

"என்னடி, உசுரோட இருக்கியா?" என்று ஆரம்பித்தவள், சொன்னது தனக்கே உறைத்து இருமினாள்.

"இருக்கேன். சொல்லு."

"ரெண்டு விஷயம். கூட்டத்துக்கு ஒரு புத்தகம் போடறோம்ல, அதுல வாத்தியார் தாத்தாவுக்கு ஒரு பக்கம் குடுக்கலாமா வேணாமான்னு கமிட்டில சண்டை. நம்ம குடும்பத்துல முதல்ல படிச்ச மனுஷன்னு நான் சொல்றேன். திருடனுக்கு எதுக்குப் பக்கம்னு டொராண்டோக்காரங்க குதிக்கறாங்க. பழைய பள்ளிக்கூட நோட்டெல்லாம் ஆவணக் காப்பகத்துல இருக்காம். நீ போய்ப் பாரு. ஆளு திருடினாரா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"நான் ஏன்?"

"வியாழக்கிழமை நீ சும்மாதானே இருக்கே."

"ரெண்டாவது விஷயம்?"

"டி-ஷர்ட். மாம்பழ மஞ்சள். உங்க வீட்டுக்கு எத்தனை?"

"அப்புறம் சொல்றேன்."

வியாழக்கிழமை நான் சும்மா இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுக்கும் வேலை. என் மகன் ஜெவானுக்கு வியாழக்கிழமை கால்பந்துப் பயிற்சி. அவனைக் கூட்டிப் போவதற்காக மேலாளரிடம் கெஞ்சி அந்த நாளை விடுமுறையாக வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெங்குக் காய்ச்சல், மூன்றே நாள், ஜெவான் போய்விட்டான். பதினொரு வயது. அலுவலக முறைப்பட்டியலை யாரும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று நான் அழவில்லை. கல்லு மாதிரி நிக்கறா பாரு என்று பின் வரிசையில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறேன். இருக்கிறது என்பது கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான்காம் நாளே வேலைக்குப் போய், குழாய் உடைந்தது என்று கத்திய ஒருவரிடம் தெருப்பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன். என் கணவர் எல்ரிக் அதை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே போனேன். வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அங்கே உட்காரலாம்.

காப்பகத்தில் ஹோல்டர் என்று ஒரு குமாஸ்தா. ஓய்வு பெறும் வயதில் இருந்தார். பென்சிலைத் தவிர எதையும் உள்ளே விடமாட்டார்.

"பேனாவை வெளியே வைங்க, மிஸ். போன மாசம் ஒரு அம்மா தாத்தா பேருக்குக் கீழே அழுத்தமா கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க."

"என் தாத்தா கோடு போடற அளவுக்கு நல்லவர் இல்லை, மிஸ்டர் ஹோல்டர்."

அவர் பள்ளியின் நாட்குறிப்பேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் காலத்தில் தலைமையாசிரியர் ஒவ்வொரு நாளும் எழுதியே ஆகவேண்டிய பெரிய தடித்த புத்தகம். முதல் பக்கத்தில் ஒரு விதி அச்சிட்டு ஒட்டியிருந்தது. நடந்ததை மட்டும் எழுதுக. ஆசிரியரின் கருத்தும் உணர்ச்சியும் இதில் இடம்பெறலாகாது. எனக்கு அந்த விதி பிடித்துவிட்டது. என்னைப் போன்றவர்களை மனதில் வைத்து யாரோ போட்டிருக்கிறார்கள்.

ஒத்னியல் விதியை மீறவே இல்லை. மழை, பாதிப் பேர் வரவில்லை. கரும்பு வெட்டு, பெரிய பையன்கள் வயலில். கரும்பலகைக்குக் கறுப்பு பூசப்பட்டது. ஒன்றும் நடக்காத நாளில் "வழக்கமான முன்னேற்றம்." பெரும்பாலும் வழக்கமான முன்னேற்றம்தான். ஒவ்வொரு நாளின் கீழும் வந்தவர்களின் எண்ணிக்கை. கூரான, சாயாத கையெழுத்து. ஒரு வியாழக்கிழமை முழுக்கப் படித்தும் மனிதர் கோபக்காரரா சிரிப்பாரா என்று பிடிபடவில்லை.

இரண்டாவது வியாழன், பிறந்த தேதிகளைச் சரிபார்க்கத் திருச்சபைப் பதிவேடுகளைக் கேட்டேன். அடக்கப் பதிவேட்டில் எதிர்பாராமல் ஒரு வரி. ஐவி பில்கிரிம், வயது ஏழு, பள்ளி ஆசிரியர் ஒத்னியலின் மகள், 1907 மார்ச் 13.

வாத்தியாருக்கு நாலு பிள்ளைகள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஐவி என்ற பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாட்குறிப்பேட்டில் அதே தேதியைத் தேடினேன்.

"காலையில் பள்ளி இல்லை. பிற்பகல் பூகோளம். 39 பேர்."

அவ்வளவுதான். காலையில் மகளைப் புதைத்துவிட்டு வந்து பூகோளம் நடத்தியிருக்கிறார். யாராவது பின் வரிசையிலிருந்து கல்லு என்று சொல்லியிருப்பார்கள். இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. மூடி வைத்துவிட்டு வெளியே போய், உப்பு ரொட்டிக்குள் மீன் வைத்து வாங்கித் தின்றேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது எல்ரிக்கிடம் சொன்னேன்.

"பொண்ணைப் புதைச்ச அன்னிக்கே பாடம் எடுத்திருக்கார்."

எல்ரிக் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்க குடும்பத்து ரத்தம்," என்றார்.

மூன்றாவது வியாழன், ஹோல்டர் அவராகவே ஒரு நீளமான ஏட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தார். 1906, 1907 வருஷங்களின் வருகைப் பதிவேடு. வந்தால் ஒரு சாய்கோடு, வராவிட்டால் ஒரு சுழி. கடைசிப் பக்கத்தில் ஆய்வாளரின் குறிப்பு ஒட்டியிருந்தது. அதைத்தான் முதலில் படித்தேன். நவம்பர் 6 அன்று தலைகளை எண்ணினேன், 44, பதிவேட்டில் 45. முப்பத்தொன்றாவது பெயர் மார்ச் மாதம் இறந்த பிள்ளையுடையது; அதன் பின்னும் வருகை போடப்பட்டுள்ளது. பிள்ளைகளைக் கேட்டதில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் விளக்கம் ஏதும் தரவில்லை. இவர் இப்பதவிக்குத் தகுதியற்றவர்.

முப்பத்தொன்றாவது பெயர் ஐவி பில்கிரிம். பில்கிரிம் என்ற பெயர் ஆசிரியருக்கும் உண்டே, யார் இந்தப் பிள்ளை என்று அந்த ஆய்வாளர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷத்தில் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே போனேன். மார்ச் 6-இலிருந்து சுழி, சுழி, சுழி. காய்ச்சலாக இருந்திருக்கும். 13-ஆம் தேதியும் சுழி. 14-ஆம் தேதி சாய்கோடு. உடம்பு தேறி வந்துவிட்ட பிள்ளைக்குப் போடுவது போலவே போட்டிருக்கிறார்.

ஹோல்டர் என் தோளுக்குப் பின்னால் வந்து பார்த்தார். "பொய்க் கணக்குதான், மிஸ். மானியத்துக்காகப் பல பேரு இதைச் செஞ்சிருக்காங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"மானியத்துக்குன்னா ஒரு தலையை மட்டும் கூட்டுவாங்களா?"

ஹோல்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

மற்றப் பெயர்களைப் பார்த்தோம். கரும்பு வெட்டுக் காலத்தில் பதினைந்து இருபது பேர் சுழி. மாம்பழக் காலத்தில் பையன்கள் பக்கம் முழுக்கச் சுழி. ஒரு நாள் 19 பேர்தான் வந்திருக்கிறார்கள். 19 என்றால் ஐவியோடு சேர்த்து. திருட நினைத்தவர் திருடியிருக்க வேண்டிய நாளெல்லாம் அவர் திருடவில்லை.

"ஆனா இங்க பாருங்க, ஜூன்ல அவளுக்கும் சுழி இருக்கே," என்றார் ஹோல்டர். "செத்துப்போன பிள்ளைக்கு எதுக்கு லீவு போடறார்?"

இருந்தது. ஜூன் மாதத்தில் நான்கு. ஆகஸ்டில் ஐந்து. ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. முந்தின வருஷத்துக்குத் திருப்பினேன். அப்போது உயிரோடிருந்த ஐவிக்கும் அதேபோல அங்கங்கே சுழி, ஓரத்தில் காரணம் எழுதும் கட்டத்தில் சின்ன எழுத்தில் "மழை. மார்புச் சளி."

ஹோல்டர் எழுந்து போய் நாட்குறிப்பேட்டை எடுத்துவந்தார். அவர் தேதி சொல்லச் சொல்ல நான் பார்த்தேன்.

"ஜூன் பதினெட்டு?"

"காலையில் பலத்த மழை."

"ஜூன் இருபத்தஞ்சு?"

"மழை. கூரை ஒழுகியது."

"ஆகஸ்ட் ஒண்ணு. இதுக்குச் சுழி இல்லையே."

"பிற்பகலில் மழை."

அவள் காலையிலேயே பள்ளிக்கு வந்துவிட்டாள் அல்லவா.

மார்ச்சிலிருந்து நவம்பர் வரை மொத்தம் இருபத்துமூன்று மழைக்காலைகள். இருபத்துமூன்றிலும் சுழி. சளிப் பிள்ளையை நனைய விடாமல் வீட்டிலேயே நிறுத்தியிருக்கிறார். ஹோல்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அழவில்லை. பென்சில் கீழே விழுந்து உருண்டு போனதை அவர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

வாத்தியார் ஏன் விளக்கம் சொல்லவில்லை என்று ஹோல்டர் கேட்டார். என்ன சொல்லியிருக்க முடியும். எனக்கு ஏன் இன்னும் வியாழக்கிழமை விடுமுறை என்று மேலாளர் ஒரு நாள் கேட்டால், நானும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பேன்.

மறுநாள் சாயங்காலம், நான் வேலை முடிந்து வந்ததும், மார்செல் கூப்பிட்டாள்.

"பார்த்தியா? என்ன எழுதட்டும்? திருடினாரா, இல்லையா?"

"பொய்க் கணக்கு எழுதினார். வேணும்னே எழுதினார்."

"போச்சு. டொராண்டோக்காரங்களைக் கையில பிடிக்க முடியாது."

"இரு. முழுசா கேளு."

சொன்னேன். ஐவி, பூகோளம், சாய்கோடு, மழை எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். அந்தப் பக்கம் முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிறகு மார்செல் வாய்விட்டு அழுதாள். குடும்பத்திலேயே பெரிய வாயாடி, அழுகையிலும் குறை வைக்க மாட்டாள். நான் காத்திருந்தேன்.

"ஒரு பக்கம் பத்தாதுடி," என்றாள் கடைசியில். "ரெண்டு பக்கம் குடுக்கறேன். அந்தப் பொண்ணையும் குடும்ப மரத்துல போடணும். நாலு இல்லை, அஞ்சு."

"அஞ்சுன்னு போடு."

"சரி. வெரோனா, அந்த டி-ஷர்ட் கணக்கை மூணு வாரமா நீ சொல்லலை. நாளைக்கு அச்சுக்குப் போகுது. ரெண்டுதானே?"

சமையலறைச் சன்னல் வழியாகக் கொல்லைப்புறம் தெரிந்தது. எல்ரிக் ரொட்டிப்பழ மரத்தின் அடியில் உட்கார்ந்து ஜெவானின் கால்பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் அடிப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

"மூணு," என்றேன்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மார்செல், மற்ற எல்லோரிடமும் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"உனக்கும் எல்ரிக்குக்கும் அளவு தெரியும். பையனுக்கு என்ன அளவு?"

பதினொரு வயதில் சிறுவர் அளவில் பெரியது போடுவான். வருகிற ஆகஸ்டில் பதின்மூன்று முடிந்திருக்கும். எல்ரிக் வீட்டு ஆண்களெல்லாம் அந்த வயதில்தான் விறுவிறுவென்று உயருவார்கள்.

"பெரியவங்க மீடியம் போடு," என்றேன். "வளர்ந்திருப்பான்."